திரும்பும் நாளிலிருந்து

செரங்கெட்டி பார்க்க வருகிறேன் என்று யாராவது எழுதினால், நான் கேட்கும் முதல் கேள்வி, “நீங்கள் ஊர் திரும்பும் விமானம் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு?” என்பதுதான். சிங்கம், சிறுத்தை, தங்கும் கூடாரம் எல்லாம் அதற்குப் பிறகு. சிலருக்கு இது வருத்தமாகக்கூட இருக்கிறது. “வருவதற்கு முன்பே அனுப்பிவைக்கப் பார்க்கிறீர்களே” என்று ஒரு பெரியவர் கேட்டார். தான்சானியாவின் அருஷா நகரில் ஒரு சஃபாரி நிறுவனத்தின் போக்குவரத்து மேசையில் எட்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். வேறு எங்கிருந்தும் என்னால் திட்டத்தைத் தொடங்க முடிவதில்லை.

அருஷாவுக்கு இரண்டு விமான நிலையங்கள். வெளிநாட்டு விமானங்கள் இறங்குவது கிளிமஞ்சாரோ பன்னாட்டு விமான நிலையத்தில். அது ஊருக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காட்டுக்குப் போகும் சிறு விமானங்கள் பெரும்பாலும் கிளம்புவது ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் சின்ன அருஷா விமான நிலையத்திலிருந்து. அந்தச் சிறு விமானம் பெரும்பாலும் செஸ்னா கேரவனாக இருக்கும். ஒற்றை இன்ஜின், ஏறத்தாழ பன்னிரண்டு பேருக்கு இடம், மண் ஓடுதளத்திலும் இறங்கும். நம் கிராமங்களுக்குப் போகும் மினி பஸ்ஸைப் போலத்தான் அதன் ஓட்டமும். மன்யாரா, செரொனேரா, கோகாடெண்டே என்று ஒவ்வோர் ஓடுதளமாக இறங்கி, ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக்கொண்டு போகும். எது முதலில், எது பிறகு என்பது அன்றைய பயணிகளைப் பொறுத்தது. டிக்கெட்டில் மதியம் 1 மணி என்று இருந்தால் என் நோட்டில் 3 மணி என்றே எழுதுவேன். காட்டு ஓடுதளங்களில் விளக்கு கிடையாது. பகல் வெளிச்சம் போய்விட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. அதனால் தொலைவான காடுகளுக்குப் போகிறவர்கள் ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவை அருஷாவில்தான் கழிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன். ஓர் இரவு கூடினால் செலவு கூடும். அன்றே கொண்டுவந்து சேர்க்கிறோம் என்று சொல்லும் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் போய்விடுவார். போகட்டும். கையில் பெட்டியோடு ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூட்டை முடிச்சைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கேமராவையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோ, அதுவும் துணிப்பையில். கேரவனின் வயிற்றுக்குக் கீழே இருக்கும் சரக்கறையின் கதவு சிறியது, விறைப்பான சூட்கேஸ் உள்ளே போகாது. எத்தனை முறை எழுதினாலும் நான்கு பேரில் ஒருவர் சூட்கேஸோடுதான் வருகிறார். அலுவலக அலமாரியில் ஆறு கான்வாஸ் பைகள் எப்போதும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். சூட்கேஸ் எங்களிடம் இருக்கும். துணிகள் பையில் போகும்.

நேரத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இந்த நாட்டு மொழியான சுவாஹிலி பேசுகிறவர்களின் மணி நள்ளிரவில் தொடங்குவதில்லை, விடியலில் தொடங்குகிறது. நமக்குக் காலை 7 மணி அவர்களுக்கு ஒரு மணி. நமக்கு 9 அவர்களுக்கு மூன்று, ‘ஸா தாத்து’. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் உதிப்பதால் இந்தக் கணக்கு பிசகுவதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், கற்றுக்கொண்ட சுவாஹிலியைப் பேசிப் பார்க்கும் ஆசையில், எங்கள் மூத்த ஓட்டுநரிடம் நாளைக் காலை ஒன்பது மணிக்கு விடுதிக்குப் போய் மூவரை ஏற்றிவாருங்கள் என்று சொல்ல நினைத்து, ‘ஸா திஸா’ என்றேன். திஸா என்றால் ஒன்பதுதான். ஆனால் ஸா திஸா என்றால் பிற்பகல் 3 மணி. மறுநாள் ஒன்பதரைக்கு விடுதியிலிருந்து அழைப்பு வந்தபோது அவர் வீட்டில் நிம்மதியாகக் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கணக்குப்படி இன்னும் ஐந்தரை மணி நேரம் இருந்தது. விமானம் போய்விட்டது. அந்த மூவரும் காட்டில் ஒரு நாளை இழந்தார்கள்.

அவரை நாங்கள் எல்லோரும் ‘ம்ஸே’ என்றுதான் கூப்பிடுவோம். பெரியவரே என்று பொருள். அன்று மாலை அவரிடம் போய் ‘ஷிகாமூ’ என்று வணக்கம் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். ‘மராஹபா’ என்று வணக்கத்தை ஏற்றுக்கொண்டு, “உங்கள் ஊரில் சூரியன் உதிக்கும்போது மணி பன்னிரண்டு இல்லையா?” என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. உதயத்திலிருந்து நாழிகை எண்ணித்தான் அவர் நாள் பார்ப்பார்; கைக்கடிகாரம் கட்டியதே இல்லை. நாம் விட்டுவிட்ட பழக்கத்தை இவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து என் பயணத் தாள்களில் ஒவ்வொரு நேரமும் இரண்டு முறை இருக்கும்: ரயில்வே நேரம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் சுவாஹிலி நேரம்.

கோவில்பட்டியில் லாரி பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். அங்கே கற்றது இங்கே பயன்பட்ட இடம் ஒன்று உண்டு. மழைக்காலச் சாலை பற்றிப் பேச்சு வந்தபோது ஓட்டுநர்கள் ‘பிளாக் காட்டன்’ என்று ஒரு மண்ணைச் சொல்லி, அதில் வண்டி மாட்டினால் அவ்வளவுதான் என்றார்கள். போய்ப் பார்த்தால் நம் கரிசல்! வெயிலில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. ஒரு மழை விழுந்ததும் செருப்பில் அப்பி அப்பிக் காலைத் தூக்க முடியாமல் செய்துவிடுகிறது. மார்ச் முதல் மே வரையிலான பெருமழைக் காலத்தில் அப்படிப்பட்ட இடங்களிலிருந்து சாலை வழியாகத் திரும்பும் திட்டத்தை நான் போடுவதே இல்லை. செரங்கெட்டியின் நடுவிலிருந்து அருஷாவுக்கு 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நல்ல நாளிலேயே ஏழெட்டு மணி நேரம் ஆகும். பூங்காவின் அனுமதிச் சீட்டு 24 மணி நேரக் கணக்கு. நாபி ஹில் வாயிலைத் தாண்டத் தாமதமானால் இன்னொரு நாள் கட்டணம். மாலை 6 மணிக்கு வாயில் மூடப்படும்.

வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரங்கெட்டியும் ஒரே புல்வெளி. மாட்டைப் போன்ற மான் இனமான வில்டபீஸ்ட்கள் பத்து லட்சத்துக்கும் மேல் ஆண்டுதோறும் அந்த எல்லையைக் கடந்து போய் வருகின்றன. மனிதர்களால் முடியாது. 1977ல், கென்யா, தான்சானியா, உகாண்டா மூன்றும் சேர்ந்திருந்த கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் உடைந்தபோது அங்கே எல்லை மூடப்பட்டது. சமூகம் 2000ல் மீண்டும் உயிர்பெற்றது. சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த வழி மட்டும் இன்னும் திறக்கவில்லை. மாராவில் காலை உணவு சாப்பிட்டவர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கோகாடெண்டேவுக்கு வர வேண்டுமானால், மேற்கே மிகோரிக்குப் பறந்து, அங்கிருந்து காரில் இசெபானியா எல்லைக்கு வந்து, நடந்து தான்சானியப் பக்கம் நுழைந்து, தரிமே ஓடுதளத்துக்குப் போய் இன்னொரு விமானம் ஏற வேண்டும். கென்யாவிலிருந்து வருவதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையும் வேண்டும். இரண்டு விமானம், இரண்டு கார், ஒரு எல்லை. இவற்றில் ஒன்று தவறினாலும் மாலைக்குள் கூடாரம் போய்ச் சேர முடியாது. ‘பக்கத்தில்தானே இருக்கிறது’ என்று எழுதுபவர்களுக்கு நான் பொறுமையாக முழு வழியையும் எழுதி அனுப்புகிறேன்.

ஆனால் திரும்பும் நாளிலிருந்து தொடங்கும் பழக்கம் எனக்கு வாடிக்கையாளர்களால் வந்ததல்ல.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, டாங்கனிக்கா ஏரிக்கரையில் இருக்கும் மஹாலேக்கு, சிம்பன்சிகள் வாழும் மலைக்காட்டுக்கு, விடுதி பார்த்துவர அனுப்பினார்கள். பூங்காவுக்குள் சாலையே இல்லை. விமானத்தில் இறங்கிப் படகில்தான் போக வேண்டும். நான் போன காலத்தில் வாரத்துக்கு இரண்டே விமானம், திங்களும் வியாழனும். வியாழன் விமானம் கிளம்பிப் போன அன்று மாலை, அப்பா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அடுத்த விமானம் திங்கள்கிழமை. நான் எப்படித் திரும்புவது என்று அலுவலகத்தில் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஒரு மரப்படகு பிடித்து, இரவு முழுவதும் ஏரியோரமாகவே கிகோமா போய், அங்கிருந்து டார் எஸ் சலாம், பிறகு மும்பை, பிறகு மதுரை. வீட்டு வாசலில் இறங்கியபோது பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். அண்ணன்தான் கொள்ளி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத் திட்டத்தின் பின்னாலும் ஒரு தாள் சேர்த்தேன். அன்று இல்லாத விமானம் வேண்டுமானால் யாரிடம் கேட்பது, அது எங்கிருந்து வரும், இருட்டுவதற்குள் எந்த ஊர்வரை வரலாம், பணம் யாருடையது, காப்பீட்டின் எண் என்ன. பெரும்பாலும் யாரும் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கடந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2 மணிக்கு அந்தத் தாளை எடுத்தேன். கடாவி காட்டில் ஒரு தம்பதி இருந்தார்கள். அந்த அம்மாவின் தாயார் மருத்துவமனையில், இன்னும் ஓரிரு நாள்தான் என்று வீட்டிலிருந்து செய்தி. வியாழன்வரை விமானம் இல்லை. அருஷாவிலிருந்து கடாவி ஏறத்தாழ 700 கிலோமீட்டர். உடனே அனுப்பினாலும் விமானம் இருட்டுக்கு முன் திரும்பி வராது. தாளில் எழுதியிருந்தபடி, பாதி வழிக்குமேல் இருக்கும் தபோரா நகருக்கு அன்று மாலையே ஒரு கேரவனை அனுப்பி, விமானியை அங்கேயே தங்கச் சொன்னேன். விடிந்ததும் அவர் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் கடாவி. கிளிமஞ்சாரோவிலிருந்து பிற்பகலில் அடிஸ் அபாபா போகும் விமானத்தில் இரண்டு இருக்கைகள் கிடைத்தன. எல்லாவற்றையும் முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

புதன் காலை ரேடியோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழரை மணிக்கு முகாமின் வழிகாட்டி இக்கூ ஓடுதளத்துக்குப் போய்விட்டார். விமானம் இறங்குவதற்கு முன் ஓடுதளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வண்டியை ஓட்டிப் பார்ப்பது வழக்கம்; வரிக்குதிரை நிற்கும், காட்டுப்பன்றி குழி பறித்திருக்கும். அன்று நீர்யானை ஒன்று தாமதமாக ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்ததாம். அதைத் துரத்தக் கூடாது, அதுவாகப் போக வேண்டும். ஏழு நிமிடம் காத்திருந்தார்கள். மேலே விமானம் ஒரு சுற்றுச் சுற்றியது. ரேடியோவின் இரைச்சலுக்கு நடுவே அந்த அம்மா யாரிடமோ, “அது போய்விட்டதா, போய்விட்டதா?” என்று கேட்பது எனக்குக் கேட்டது.

8.20க்கு வழிகாட்டியின் குரல் வந்தது: “ந்டெகே இமேருக்கா.” சுவாஹிலியில் பறவைக்கும் விமானத்துக்கும் ஒரே சொல், ந்டெகே. பறந்துவிட்டது என்றார்.

உடனே ம்ஸேவை அழைத்தேன். கிளிமஞ்சாரோவில் அவர்களை இறக்கியதும் பன்னாட்டு முனையத்துக்குள் கொண்டுபோய் விடுவது அவர் பொறுப்பு. “ஷிகாமூ, ம்ஸே. ஸா தானோ,” என்றேன். நம் கணக்கில் 11 மணி.

“மராஹபா. நான் விடியலிலேயே வந்துவிட்டேன்,” என்றார்.