30 ரூபாய் பாக்கி

சந்தைக்கு மறுநாள் காலை, இரவல் வாங்கிய ஐஸ் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கத் தன் அத்தை வீட்டுக்குப் போனாள் என் மகள். ஃபிரிட்ஜைத் திறந்தவள், உள்ளே ஒரு தூக்குவாளியில் நுங்குச் சர்பத் இருப்பதைப் பார்த்துவிட்டாள். அவள் விற்ற அதே சர்பத். மீந்துபோன 9 தம்ளரையும் வாங்கி வரச் சொல்லி, 90 ரூபாய் கொடுத்து என் நாத்தனாரை அனுப்பியது நான்தான்.

அவள் அழவில்லை. நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். அப்பத்தாவிடம் கடன் 400. செலவு 340. தம்ளர் 10 ரூபாய் வீதம் 40 தம்ளர் விற்றதில் 400. லாபம் 60 என்று முந்தின இரவு எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். இப்போது 40ஐ அடித்து 31 என்று எழுதினாள். "அப்படியென்றால் எனக்கு 30 ரூபாய் நஷ்டம் அம்மா" என்றாள். கையிலிருந்த 60 ரூபாயை என்னிடம் கொடுத்துவிட்டு, "அம்மாவுக்கு 30 பாக்கி" என்று குறித்துக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளை. அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நான் செய்தது தப்பு.

ராமநாதபுரம் கடற்கரையில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். சனிக்கிழமை மாலை கூடும் சந்தையில், கோடை விடுமுறைக்கு மட்டும் வேப்பமரத்தடி வரிசையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறோம். சாக்கை விரித்தால் கடை. பள்ளிவாசல் தெருப் பெண் ஒருத்தி தொதல் என்னும் அல்வாத் துண்டுகள் கொண்டுவருவாள். கிளறுவது அவள் பாட்டிதான் என்றாலும், தேங்காய்க்கும் கருப்பட்டிக்கும் காசு கொடுத்துவிட்டுத்தான் தட்டை எடுத்துவருவாள். நெத்திலிக் கருவாட்டை நூறு நூறு கிராமாகப் பொட்டலம் கட்டி விற்கும் அண்ணன் தம்பி இருவர், எடை போடும்போது சண்டை போட்டுக்கொள்வார்கள்.

மகளின் கடையில் நான் தலையிட்டிருக்க வேண்டியது ஒரே விஷயத்தில். மீன் கம்பெனியில் கட்டி ஐஸ் சும்மா தருவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மீனுக்குப் போடும் ஐஸ் வாயில் படக்கூடாது, குடிக்கிற தண்ணீரை வீட்டில் உறைய வைத்துக்கொள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 40 தம்ளர் அதிகம் என்பதும், எட்டரை ரூபாய் அடக்கமாகும் பொருளைப் பத்துக்கு விற்றால் கொஞ்சம் மீந்தாலே முதலுக்கு மோசம் என்பதும் அவள் கண்டுபிடிக்க வேண்டியவை. அந்த வாய்ப்பை 90 ரூபாய் கொடுத்து நான் தட்டிப் பறித்தேன். அடுத்த வாரம் மறுபடி அப்பத்தாவிடம் கடன் வாங்கி, 25 தம்ளர் மட்டும் போட்டாள். விலை 15. சாக்கை பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள். காரம் தின்றவர்கள் நேரே அவளிடம் வந்தார்கள். 22 விற்றது. மீந்த மூன்றையும் தானும் இரண்டு சிநேகிதிகளுமாகக் குடித்தார்கள். என் பாக்கி தீர்ந்தது.

அந்த வரிசையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவன் பக்கத்து வீட்டுப் பையன். பன்னிரண்டு வயது. முதல் வாரம் ஒரு பை நிறையப் பவளப்பாறைத் துண்டுகளைக் கொண்டுவந்து பரப்பினான். வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தன. "கரையில் ஒதுங்கியதுதானே அத்தை" என்றான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பதும், வனவிலங்குச் சட்டத்தில் பவளப்பாறை புலிக்குச் சமமாக முதல் பட்டியலில் இருக்கிறது என்பதும் எங்கள் கரையில் பெரியவர்களுக்கே சரியாகத் தெரியாது. உட்கார்ந்து விளக்கினேன். பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தான். அன்று அவனுக்கு விற்பனை இல்லை.

மறுவாரம் காற்றாடியோடு வந்தான். பனங்குருத்தோலையைக் கிழித்து மடித்து, நடுவில் சீமைக்கருவேல முள்ளைக் குத்தியிருந்தான். ஓலை பனையேறி கொடுத்தது, முள் ஊரெல்லாம் இலவசம். கோடையின் கச்சான் காற்று வேறு பலமாக வீசியது. விரித்த சாக்கில் 40 காற்றாடியும் சேர்ந்து சுற்றியதைப் பார்த்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒன்று 5 ரூபாய். இருட்டுவதற்குள் 200 ரூபாய்.

அவன் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில் கிடக்கும். அதற்கு அரசு நிவாரணம் 8,000 ரூபாய். பிரித்துப் பார்த்தால் நாளுக்கு 131 ரூபாய்தான், அதில் ஒரு குடும்பம் எப்படி ஓடும்? பையன் காசு வீட்டுச் செலவுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டு, பிள்ளை சம்பாதித்தது பிள்ளைக்கே இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் அவன் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

"நான் கேட்கவில்லை மதினி. 150 ரூபாயை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தான். சோறாக்க அரிசி அள்ளும்போதுதான் பார்த்தேன்."

சொல்லப் போனதைச் சொல்லாமல் திரும்பினேன்.

கலாம் புளியங்கொட்டை பொறுக்கி, மசூதித் தெருக் கடையில் விற்று நாளுக்கு ஓரணா சம்பாதித்த கதையை எங்கள் கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாத வாத்தியார் இல்லை. ரயிலிலிருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்து வாங்கிய முதல் சம்பளத்தின் பெருமிதம், அரை நூற்றாண்டு கழித்தும் தன்னுள் இருப்பதாக அவர் எழுதினார். அந்தப் பெருமிதம் அரிசிப் பானையிலும் இருக்கலாம் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. ஆனாலும் பயம் போகவில்லை. ஒரு மொத்த வியாபாரி வந்து, சிப்ஸ் பாக்கெட் தருகிறேன், பிள்ளைகள் விற்றால் கமிஷன் என்றார். பெரியவர்கள் சேர்ந்து மறுத்துவிட்டோம். அவர் சரக்கை அவருக்காக விற்றால் அது வேலைக்கு வைப்பதுதான். குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குக் கீழே யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்று 2016இலேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. விடுமுறை, சனிக்கிழமை, இருட்டும் வரை. இந்த எல்லையை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

மீதி 50 ரூபாய்க்கு ஓலை கிழிக்க ஒரு நல்ல கத்தி வாங்கினான் பையன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிய அன்று நாங்களும் கரைக்குப் போயிருந்தோம். அவன் அப்பா போகும் படகின் முன்முனையான அணியத்தில் ஒரு ஓலைக் காற்றாடி விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் காசு வாங்கினாயா என்று என் மகள் கேட்டாள்.

"ஐந்து ரூபாய். அப்பா கடன் சொல்லியிருக்கிறார்" என்றான்.