யார் அப்படி அமுக்குவார்கள்?

“யாரும்மா மவுஸை அப்படி அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க?”

டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய டெஸ்ட்டை, அதாவது எங்கள் நிரல் சரியாக நடக்கிறதா என்று சோதிக்கும் சின்ன நிரலை, கோட் ரிவ்யூவில் பார்த்துவிட்டு நான் கேட்டது. கேள்விக்குறி இருக்கிறதே தவிர அது கேள்வி இல்லை, பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவளுக்கும் புரிந்தது. “சரிண்ணா” என்றாள். பத்து நிமிடத்தில் அந்த டெஸ்ட்டை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பினாள். நான் அதை எங்கள் நிரலோடு மெர்ஜ் செய்தேன்.

சமாச்சாரம் சின்னதுதான். ஒரு தேடல் பெட்டி. சில எழுத்துகள் தட்டினால் கீழே பெயர்ப் பட்டியல் விரியும். ஒன்றைக் கிளிக் செய்தால் அது பெட்டியில் வந்து உட்காரும். பயனர் வேறு எங்காவது போய்விட்டால் பட்டியல் மூடிக்கொள்ள வேண்டும், அதற்கு பிளர் ஈவென்ட்: பெட்டியிலிருந்து ஃபோகஸ் (தட்டுவது எங்கே விழும் என்பது) நகர்ந்ததும் பிரவுசர் அனுப்பும் சேதி. இதை ஒருமுறையாவது எழுதியவர்களுக்கு வலி எங்கே என்று தெரியும். பெயரின்மேல் மவுஸை அமுக்கியதுமே மவுஸ்டவுன், உடனே பெட்டியிலிருந்து ஃபோகஸ் போய்விடும், பிளர் வரும். விரலை எடுத்த பிறகுதான் மவுஸ்அப், அப்புறம் கிளிக். பிளரிலேயே பட்டியலை மூடினால், கிளிக் வந்து சேரும்போது கிளிக் ஆக வேண்டிய வரி திரையில் இருக்காது. அதனால் பலரும் செய்வதையே நானும் செய்திருந்தேன்: பிளர் வந்ததும் ஒரு செட்டைம்அவுட் டைமர், 150 மில்லிசெகண்ட் கழித்து மூடு. அந்த 150 எங்கிருந்து வந்தது? முந்தைய ப்ராஜெக்ட்டிலிருந்து. அங்கே அது அதற்கும் முந்தையதிலிருந்து வந்திருக்கும்.

இந்த மாதிரித் திரைப் பகுதிகளைச் சோதிக்கும் கருவியான ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரியில் ஏற்கெனவே இரண்டு டெஸ்ட் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில், ஃபயர்ஈவென்ட் மூலம் வரிக்கு ஒரு கிளிக். பெயர் பெட்டியில் வந்ததா? வந்தது. இன்னொன்றில், பெட்டிக்கு ஒரு பிளர். டெஸ்ட்களை ஓட்டும் ஜெஸ்ட்டின் போலிக் கடிகாரத்தை 150 மில்லிசெகண்ட் தள்ளினால் பட்டியல் மூடியதா? மூடியது. இரண்டும் பச்சை, பாஸ். ஃபயர்ஈவென்ட் அனுப்பும் கிளிக் வெறும் கிளிக்தான். அதற்கு முன்னால் மவுஸ்டவுன் கிடையாது, ஃபோகஸ் நகராது, பிளர் வராது. எந்த இரண்டு ஈவென்ட்டும் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பதுதான் அந்த நிரலில் ஆபத்தோ, அந்த இரண்டையும் தனித்தனி அறையில் பூட்டிவைத்து நலம் விசாரித்திருக்கிறேன்.

அவள் எழுதியது மூன்றாவது. நிஜப் பயனர் செய்வதுபோல் ஈவென்ட்களை வரிசையாக அனுப்பும் யூசர்ஈவென்ட்டை வைத்து மவுஸை அமுக்கி, கடிகாரத்தை 400 தள்ளி, அப்புறம் விடுவது. சிவப்பு.

“அண்ணா, இது ஃபெயில் ஆகுது. டெஸ்ட் தப்பா, கம்போனென்ட் தப்பா?”

“டெஸ்ட்தான் செயற்கையா இருக்கு. ஃபேக் டைமர் வச்சா எதை வேணும்னாலும் ஃபெயில் பண்ண வைக்கலாம்.” அதற்கு அடுத்ததுதான் முதலில் சொன்ன வரி.

என் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பதாக இப்போதும் நினைக்கிறேன். ஈவென்ட்கள் வரும் வரிசைகளைக் கூட்டிக்கொண்டே போனால் முடிவே கிடையாது. அமுக்கிவிட்டு வெளியே இழுத்தால்? அமுக்கியிருக்கும்போதே சர்வரிலிருந்து புதுப் பட்டியல் வந்து இறங்கினால்? எங்காவது ஒரு இடத்தில் போதும் என்று சொல்லியாக வேண்டும், அதைச் சொல்லத்தான் சீனியர். யூசர்ஈவென்ட்டின் வழக்கமான கிளிக்கைப் போட்டிருந்தாலும் இது சிக்கியிருக்காது. அது மவுஸ்டவுன், பிளர் எல்லாவற்றையும் ஒழுங்காக அனுப்பும். ஆனால் அமுக்குவதற்கும் விடுவதற்கும் நடுவே நேரம் என்று சொல்லும்படி எதையும் விடாது. ஆக, எல்லோரும் பரிந்துரைக்கிற நல்ல வழியில் போயிருந்தாலும் நழுவியிருக்கும். இதை எழுதும்போது ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் நழுவவிடவில்லையே.

மூன்று வாரம் கழித்துப் புகார் வந்தது. சில நேரம் பெயர் தேர்வாகிறது, சில நேரம் ஆவதில்லை. எங்கள் பக்கம் யார் செய்தாலும் தேர்வானது. போனில் பார்த்தாலும் தேர்வானது. தொடுதிரையில் தட்டும்போது விரலை எடுத்த பிறகுதான் பிரவுசர் மவுஸ்டவுன், மவுஸ்அப், கிளிக் மூன்றையும் அடுத்தடுத்து அனுப்பும். அங்கே இந்தச் சிக்கல் தலைகாட்டாது. ‘எங்களிடம் வரவில்லை’ என்று எழுதி இரண்டு முறை அந்தப் புகார் டிக்கெட்டை மூடினேன். மூன்றாவது முறை ஸ்கிரீன் ஷேரில் உட்கார்ந்தோம்.

அந்தப் பக்கம் ஓய்வுபெறும் வயதில் ஒருவர். பட்டியல் விரிகிறது, அம்பு பெயரின்மேல் போய் நிற்கிறது, பட்டியல் மறைகிறது. “பாருங்க சார், போயிடுச்சு. நான் நல்லா அழுத்தித்தான் சார் அமுக்குறேன்.” மறுபடி செய்தார், இன்னும் அழுத்தி, இன்னும் நேரம் பிடித்து. மறுபடி மறைந்தது. அவர் எவ்வளவு சிரத்தையாக அமுக்கினாரோ அவ்வளவு நிச்சயமாக என் நிரல் அவரைத் தோற்கடித்தது.

அவளும் அந்த அழைப்பில் இருந்தாள், ம்யூட்டில். கடைசிவரை எடுக்கவில்லை.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு என் விரலை அளந்து பார்த்தேன். அமுக்குவதற்கும் விடுவதற்கும் நடுவில் 80, 90, ஒருமுறை 110. அந்த 150 என் விரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. திருத்தம் ஒரே வரி: மவுஸ்டவுனில் பிரிவென்ட்டிஃபால்ட், அதாவது பிரவுசர் வழக்கமாகச் செய்வதைத் தடுப்பது. ஃபோகஸ் நகராது, பிளர் வராது, டைமரே தேவையில்லை. இத்தனை வருடத்தில் அது எனக்குத் தெரியாததும் இல்லை.

அடுத்த ரெட்ரோவில், வேலையைத் திரும்பிப் பார்க்கும் டீம் கூட்டத்தில், “இதை நாம கவனிக்காம விட்டுட்டோம்” என்றேன்.

நாம. தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரு வசதி உண்டு, எதிரில் இருப்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ‘நான்’ என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ‘நாங்க’ என்றிருந்தால்கூட அவள் வெளியே நின்றிருக்கலாம். தப்புக்கு யாரையும் தனியாக நிறுத்தக்கூடாது, அது மொத்த டீமுடையது என்பது எங்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான், இப்போதும் அதற்காக வாதாடுவேன். பெருந்தன்மையோடு சொன்னதாகத்தான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. ஆனால் கவனித்த ஒரே ஆள் கவனிக்காதவர்கள் கணக்கில் போய்விட்டாள். அன்று குறிப்பெடுக்கும் முறையும் அவளுடையது. ‘நாம் கவனிக்கவில்லை’ என்று அவள் தட்டச்சு செய்வதைத் திரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் விடாமல் வாதாடியிருக்கலாமே என்று சில நாள் தோன்றும். ‘யாரும்மா’ என்று தொடங்குகிற ஒன்றுக்கு எதிராக, வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதத்தில் நான் வாதாடியிருப்பேனா? மாட்டேன். அப்புறம், அதே டெஸ்ட்டை என் வயதுக்காரர் எழுதியிருந்தாலும் இப்படித்தான் தள்ளியிருப்பேனா? தள்ளியிருப்பேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் இப்போது வேறு டீமில் இருக்கிறாள். டீ வாங்கும் இடத்தில் பார்த்தால் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். டெஸ்ட்டைத் திரும்பச் சேர்த்தது நான்தான். அவள் ரிவ்யூவுக்கு அனுப்பிய பழைய புல் ரிக்வெஸ்ட்டில், டெஸ்ட்டை நீக்கிய கமிட்டை (மாற்றப் பதிவை) தேடி, அந்த 400ஐக்கூட மாற்றாமல் அப்படியே எடுத்துப் போட்டேன். யார் எதை எழுதினார்கள் என்று காட்டும் கிட் வரலாற்றில் அதற்கு நேரே என் பெயர் இருக்கிறது.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, “அமுக்கிப் பிடிக்கிற டெஸ்ட் சூப்பர்ண்ணா, இதெல்லாம் எப்படித் தோணுது?” என்று கேட்டான்.

“அது பழசுப்பா” என்றேன்.