இம்மார்ட்டலில் 60 டர்னுக்குள் ஆறு நகரம்: அந்த ஐந்து டர்ன் கணக்கு

ஒருவழியாகக் கைகூடிவிட்டது. நாகரிகம் கட்டி வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6 (சிவ் 6), அதன் கூடுதல் தொகுப்பான கேதரிங் ஸ்டார்ம் சேர்த்து, இம்மார்ட்டல் கடினநிலை, ஸ்டாண்டர்ட் வேகம், டிராஜன் தலைமையிலான ரோம். 60-ஆவது டர்னில், அதாவது ஆட்டத்தின் 60-ஆவது சுற்றில், என் கையில் ஆறு நகரம். யாரிடமும் பிடுங்கியதில்லை, அத்தனையும் செட்லர் என்ற குடியேறிகளை அனுப்பி நிறுவியவை. இம்மார்ட்டலில் எதிராளிகள் எடுத்த எடுப்பிலேயே 2 செட்லரோடு இறங்குகிறார்கள், நமக்கு ஒன்றுதான். அந்தப் பள்ளத்தை நிரப்பி, அவர்களைவிட ஒரு நகரம் கூடுதலாக நிற்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்), ஸ்லிங்கர் (கவண் வீரர்), செட்லர் என்று தொடங்குவதெல்லாம் எல்லோரும் செய்வதுதான், அதை விட்டுவிடுகிறேன். எந்த நாட்டையும் சேராத கொள்ளையர்களான பார்பேரியன்களின் ஸ்கவுட்டைப் பற்றி மட்டும் ஒரு புலம்பல். நம் நகரத்தைப் பார்த்துவிட்டு, தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு முகாமுக்கு ஓடுமே, அது போய்ச் சேர்ந்துவிட்டால் அடுத்த பத்துப் பதினைந்து டர்னுக்கு நிம்மதி கிடையாது. துரத்திப் பிடிப்பது வீண் வேலை. காட்டிலும் மேட்டிலும் ஸ்லிங்கரை இழுத்துக்கொண்டு அலைவதுதான் மிச்சம். முகாம்கள் நம் பார்வைக்குள் இருக்கும் இடத்தில் முளைப்பதில்லை என்பதால் வாரியரை வடக்கே ஒரு குன்றின் மேல் ஏற்றி அங்கேயே நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கம் கடைசிவரை சத்தமே இல்லை. தெற்கிலிருந்து வந்த ஒன்றை ஸ்லிங்கர் முடித்தது, ஆர்ச்சரி தொழில்நுட்பத்தைச் சீக்கிரம் முடிக்க உதவும் யுரேகாவும் கூடவே கிடைத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செட்லரின் விலை 80 உற்பத்தியில் தொடங்குகிறது, ஒவ்வொன்றுக்கும் 30 ஏறுகிறது. 80, 110, 140, 170, 200. ஐந்தாவது செட்லருக்குக் கொட்டும் உற்பத்தியில் முதல் செட்லர் இரண்டரை வந்திருக்கும். காசு கொடுத்து வாங்கலாம் என்றால் அதைப் போல நான்கு மடங்கு தங்கம். ஆக, பின்னால் வரும் செட்லர்களுக்கு, செட்லர் உற்பத்தியைக் கூட்டும் காலனைசேஷன் என்ற கொள்கைக் கார்டின் 50 சதவீதம் இல்லாமல் முடியாது. அந்தக் கார்டு வருவது எர்லி எம்பயர் என்ற சிவிக்கில், அதாவது கல்ச்சரைக் கொண்டு கற்கும் சமூக முன்னேற்றத்தில். எர்லி எம்பயரின் இன்ஸ்பிரேஷனுக்கு, அதாவது அதன் செலவில் 40 சதவீதத்தைக் குறைக்கும் ஊக்கத்துக்கு, மொத்த மக்கள்தொகை 6 ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொரு செட்லரும் மக்கள்தொகையில் ஒரு தலையைக் கழித்துக்கொண்டுதான் நகரத்தை விட்டுக் கிளம்புகிறது! கார்டு வரும் முன்பே அவசரப்பட்டு இரண்டு மூன்று செட்லர் எடுத்தால் மக்கள்தொகை தேங்கிவிடும், இன்ஸ்பிரேஷனின் 40 சதவீதமும் தள்ளிப்போகும்.

அதனால் கார்டுக்கு முன் ஒரே ஒரு செட்லர். அது நிறுவும் இரண்டாவது நகரம் 2, தலைநகரம் 4, கூட்டினால் 6. ரோமைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். டிராஜனின் நகரங்கள் கல்ச்சர் தரும் மான்யுமென்ட் கட்டடத்தோடு பிறக்கின்றன, அதைக் கட்ட உற்பத்தியைச் செலவிட வேண்டாம், கல்ச்சர் முதல் டர்னிலிருந்தே ஓடுகிறது. தலைநகரில் யார் எந்த டைலில் (வரைபடக் கட்டத்தில்) வேலை செய்வது என்பதை நான் கணினியிடம் விடுவதில்லை. மக்கள்தொகை 2 ஆகும்வரை ஆற்றோரக் கோதுமையில் பூட்டி வைப்பேன். 2 ஆனதும் ஒருவரைக் காட்டு மேட்டுக்கு மாற்றி முதல் செட்லர். அது கிளம்பியதும் மறுபடி கோதுமை, 4 ஆகும்வரை.

நிலத்தை மேம்படுத்தும் பில்டரின் கணக்கு தனி. முதல் பில்டரின் 3 வேலையும் கிராஃப்ட்ஸ்மேன்ஷிப் என்ற சிவிக்கின் இன்ஸ்பிரேஷனுக்கு, அதாவது மூன்று டைல் மேம்பாட்டுக்கே சரியாகப் போய்விடும். கிராஃப்ட்ஸ்மேன்ஷிப் முடிந்ததும் இல்கும் கார்டைப் போட்டு, 30 சதவீதக் கூடுதலில் இரண்டாவது பில்டர். தொடக்க அரசு முறையான சீஃப்டமில் பொருளாதாரக் கார்டுக்கு ஒரே ஒரு இடம் என்பதால் இந்த பில்டர் எர்லி எம்பயருக்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும். இவர் வயல் பக்கமே போகக் கூடாது. மூன்று வேலையும் காட்டுக்குத்தான்.

காடு வெட்டினால் ஆட்டத்தின் தொடக்கத்தில் 20 உற்பத்தி, தொழில்நுட்பமும் சிவிக்கும் ஏற ஏற அதுவும் ஏறும். மேக்னஸ் என்ற கவர்னர் அந்த நகரில் பதவியேற்றிருந்தால் அதன் மேல் 50 சதவீதம். காலனைசேஷன் கார்டு செட்லர் வேலைக்கு இன்னொரு 50 சதவீதம். 20 என்பது 30 ஆகி, 45 ஆகிறது. இதுவரை பலரும் அறிந்ததுதான். எனக்கு ரொம்ப நாள் வசப்படாமல் இருந்தது இதன் நேரக் கணக்கு. எர்லி எம்பயர் கார்டையும் தருகிறது, கவர்னரை நியமிக்கும் பட்டத்தையும் தருகிறது, இரண்டும் ஒரே டர்னில். ஆனால் மேக்னஸ் நகரில் நிலைகொள்ள 5 டர்ன் ஆகும். கார்டு கையில் இருக்கிறது, பில்டர் காட்டில் நிற்கிறார், கோடாரியை ஓங்கக் கூடாது. இந்த ஐந்து டர்னை எப்படி ஓட்டுவது?

இம்முறை ஓட்டிய விதம் இது. கார்டு வந்த டர்னிலேயே தலைநகரின் உற்பத்தியை 110 விலையுள்ள செட்லருக்குத் திருப்பினேன், காடு வெட்டாமல், கார்டின் 50 சதவீதத்தை மட்டும் நம்பி. மக்கள்தொகை 4 இருந்ததால் தைரியமாகச் செய்ய முடிந்தது. மேக்னஸ் உட்கார்ந்தபோது அது முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்தது 140. அதற்கு உடனே கோடாரி எடுக்கவில்லை. மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, ஒரு காடு தரும் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்ததும் வெட்டினேன், வழிந்து வீணாவது குறையும். அவசரமே கூடாது. பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். 170-க்கு இரண்டு காடு. இதற்கிடையே இரண்டாவது நகரமும் கார்டின் பலனில் தன் பங்குக்கு ஒன்றைத் தள்ளியது.

எந்தக் காட்டை வெட்டுவது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டிஸ்ட்ரிக்ட் என்ற சிறப்புப் பகுதியை வைத்தால் அந்த டைலில் இருக்கும் காடு ஒரு பைசா தராமல் அழிந்துவிடும். அதனால் கேம்பஸ் (அறிவியல் டிஸ்ட்ரிக்ட்) வரப்போகிற இடத்தின் காடுதான் முதலில். மேட்டுக்காட்டில் கை வைக்க மாட்டேன், அது தினமும் உழைக்கிற டைல். தாமதித்து வெட்டினால் கூடுதல் கிடைக்குமே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருபது டர்ன் முன்னால் முளைத்த நகரம் அந்த வித்தியாசத்தைப் பலமுறை திருப்பித் தந்துவிடுகிறது.

இடம் குறித்து வைக்க டீடெய்ல்டு மேப் டேக்ஸ் என்ற மாட் (ரசிகர்கள் உருவாக்கிய கூடுதல் நிரல்) போட்டிருக்கிறேன். வரைபடத்தில் ஒரு குறியைக் குத்தினாலே அங்கே கேம்பஸுக்கு மலையால் எவ்வளவு கூடுதல், பக்கத்து டிஸ்ட்ரிக்டால் எவ்வளவு என்று எண்ணைக் காட்டிவிடும். இது இல்லாமல் நான் இனி ஆடப்போவதில்லை.

என் தம்பி கைப்பேசியில் அன்சிவ் என்ற விளையாட்டை ஆடுகிறான். இலவசம், ஓப்பன் சோர்ஸ், சிவ் 5-இன் விதிகளைத் தழுவியது. அதில் செட்லர் கட்டும்வரை நகரம் வளராது, ஆனால் தலை கழியாது. "அக்கா, உன் ஆட்டத்துல ஆளையே அனுப்பிடுறாங்க, என் ஆட்டத்துல பட்டினி போடுறாங்க" என்கிறான். இரண்டில் எனக்கு சிவ் 6-இன் முறைதான் பிடிக்கிறது, கணக்குப் போட இடம் தருகிறது.

2025 பிப்ரவரியில் வந்த சிவ் 7-ஐயும் வாங்க ஆசை, சோழர்களுக்காகவே. எக்ஸ்ப்ளோரேஷன் காலகட்டத்தில் வருகிறார்கள். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று பழைய வணிகக் குழுக்களின் பெயரிலேயே அவர்களுக்குத் தனிக் கட்டடங்கள் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்ததுமே மனம் அங்கே போய்விட்டது. ஆனால் அதற்கு முன் இங்கே டெய்ட்டி என்ற உச்சக் கடினநிலை பாக்கியிருக்கிறது, அங்கே எதிராளிக்கு 3 செட்லர்.

இந்த ஆட்டம் இன்னும் பாதிகூட வரவில்லை. ஸ்டேட் வொர்க்ஃபோர்ஸ் என்ற சிவிக் தந்த கவர்னர் பட்டம் செலவழிக்காமல் இருக்கிறது. அதைக் கொண்டு மேக்னஸுக்கு ப்ரொவிஷன் என்ற பதவி உயர்வு கொடுத்தால் இனி செட்லருக்குத் தலை கழியாது, ஆனால் நல்ல இடம் இன்னும் ஒன்றுதான் மிச்சம். அதனால் பிங்களா என்ற இன்னொரு கவர்னரைத் தலைநகருக்குக் கொண்டுவரப் போகிறேன். மூன்று நகரங்களில் கேம்பஸுக்கு இடத்தை வைத்து விலையைப் பூட்டியாயிற்று, கட்டுவது பிறகு. கிழக்கே பக்கத்து நாட்டுக்காரர் எல்லையோரம் வாரியர்களைச் சேர்க்கிறார், அதனால் இப்போதைக்கு ஆர்ச்சர்தான் வரிசையில் முதலில்.