முன்பு குடியிருந்தவர்களின் தபால்

இங்கிலாந்தில் தபால் ஆளைத் தேடி வருவதில்லை, கதவைத் தேடி வருகிறது. உறையில் யார் பெயர் இருந்தால் என்ன, வீட்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் சரியாக இருந்தால் கதவின் நீளத் துவாரம் வழியே உள்ளே தள்ளிவிட்டுத் தபால்காரர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நர்ஸ் வேலைக்காக வந்து, நானும் என் கணவரும் வாடகைக்கு எடுத்த வீட்டில் எங்கள் பெயருக்கு ஒரு கடிதம்கூட வராத நிலையில், மற்றவர்களுக்கு ஒரு குவியலே வந்து கிடந்தது. சில போலந்துப் பெயர்கள், ஒரு நைஜீரியப் பெயர், ஒரு மலையாளக் குடும்பம். எல்லாரும் எங்களைப் போலவே எங்கிருந்தோ வந்து, கொஞ்ச காலம் இருந்து, வேறு எங்கோ போனவர்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் வளர்ந்தவளுக்கு இது புதுசு. எங்கள் ஊரில் விலாசம் என்றால் தகப்பனார் பெயர், வீட்டுப் பெயர், விளையின் (சின்னக் குடியிருப்பின்) பெயர், அப்புறம் அஞ்சல், அவ்வளவுதான். கதவு எண்ணை யார் பார்த்தார்கள்? ஒரே விளையில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். மஸ்கட்டிலிருந்து வந்த கடிதம் என்றால் இன்னார் வீட்டுக்கு, பட்டாளத்திலிருந்து வந்தது என்றால் இன்னார் வீட்டுக்கு என்று போஸ்ட்மேனுக்கே தெரியும். குடி மாறிப் போனவர்களுக்கு ஏதாவது வந்தால் சந்தையில் வைத்தாவது விசாரித்துக் கொடுத்துவிடுவார். எங்கள் பாட்டா இன்னும் பழைய கதை சொல்வார். எங்கள் பக்கம் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தமாக அஞ்சல் இருந்த காலம் அது. 1951-இல்தான் இந்தியத் தபால் துறையோடு அதைச் சேர்த்தார்கள். மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் ஓடி வந்தால் வழியில் நிற்பவர்கள் ஒதுங்கி விடுவார்களாம். கடிதத்துக்கு அந்த மரியாதை இருந்த ஊர் எங்களுடையது.

அதனால் அந்தக் குவியலை என்ன செய்வது என்று கேட்டபோது, உடன் வேலை பார்த்த ஒரு அக்கா சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை. "குப்பையில போடு, நமக்கு எதுக்கு வம்பு" என்றார். வேறு ஒருவர் பிரித்துப் பார்க்கச் சொன்னார், கடன்காரர்கள் யாராவது வரப்போகிறார்களா என்று தெரிந்துகொள்ளலாமாம். அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னேன். "வேற ஆளுக்க கடுதாசிய பிரிக்காண்டாம் கேட்டியா மக்களே. நமக்க நகை அடகு நோட்டீஸ ஒருத்தன் பிரிச்சா நமக்கு எப்படி இருக்கும்?" என்றார். சட்டமும் கிட்டத்தட்ட அம்மா பக்கம்தான். 2000-ஆம் ஆண்டின் அஞ்சல் சேவைகள் சட்டம், 84-ஆம் பிரிவு: தவறி வந்த தபால் என்று தெரிந்தும், ஒருவருக்குக் கெடுதல் செய்யும் எண்ணத்தோடு, நியாயமான காரணம் இல்லாமல் அதைப் பிரித்தால் குற்றம்.

கடன் விஷயத்தில் நம் ஆட்களுக்கு இருக்கும் பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முந்தின ஆள் பாக்கி வைத்திருந்தால் அந்த முகவரிக்கே கெட்ட பெயர், நம் கிரெடிட் ஸ்கோரும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. இங்கே கடன் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. சேர்ந்து கணக்கு வைத்திருப்பவர்கள், சேர்ந்து கடன் வாங்கியவர்கள், இவர்களைத்தான் உங்களோடு இணைத்துப் பார்ப்பார்கள். உங்களுக்கு முன்னால் அதே அறையில் தூங்கியவரை அல்ல. வசூல் ஏஜென்ட் ஒருவேளை கதவைத் தட்டினால், வாடகை ஒப்பந்தத்தையும் உங்கள் பெயரில் இருக்கும் கவுன்சில் (உள்ளாட்சி) வரி பில்லையும் ஜன்னல் வழியாகக் காட்டினால் போதும். கதவைத் திறக்க வேண்டும் என்றுகூட இல்லை. வேறொருவர் கடனுக்காக உங்கள் பொருளை எடுக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

என் மனதை உறுத்துவது கடன் கடிதங்கள் இல்லை, ஆஸ்பத்திரிக் கடிதங்கள். நான் வேலை பார்ப்பது புறநோயாளிகள் பிரிவில். காலையில் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவோம். சில பெயர்களுக்கு யாரும் எழுந்து வரமாட்டார்கள். மறுபடி கூப்பிடுவோம். ரிசப்ஷனில் இருந்து போன் செய்து பார்ப்பார்கள், பழைய நம்பராக இருக்கும். கடைசியில் 'வரவில்லை' என்று பதிவாகும். இப்படி வராமல் போனவர்களை மறுபடி ஜி.பி.யிடமே (குடும்ப மருத்துவரிடமே) திருப்பி அனுப்பிவிடுவதும் நடக்கும். அப்புறம் முதலிலிருந்து வரிசை. ஜி.பி. அனுப்பி 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வைத்திருக்கும் அளவு, அதைத் தாண்டிக் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அவ்வளவு காத்திருந்து கிடைத்த தேதி, ஏதோ ஒரு பழைய வீட்டின் கால்மிதி மேல் பீட்சா விளம்பரங்களோடு கிடக்கிறது. 'எனக்குக் கடிதமே வரலை சிஸ்டர்' என்று மாதங்கள் கழித்து வந்து நிற்பவர்களிடம் முகவரியைச் சரிபார்த்தால், அவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடாக இருக்கும்.

எங்கள் வீட்டுக்கே ஒரு நாள் தட்டையான அட்டை உறை ஒன்று வந்தது. அந்த நைஜீரியப் பெயருக்கு. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அது குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக் கிட். இங்கிலாந்தில் 50 வயதிலிருந்து 74 வரை இருப்பவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். மலத்தில் கொஞ்சம் குச்சியில் எடுத்து, குப்பியில் போட்டுத் தபாலில் அனுப்பினால் ஆய்வகத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வலி, தொந்தரவு எதுவும் தெரியாத நேரத்திலேயே நோயைப் பிடிக்கிற ஏற்பாடு. அந்த உறையைக் குப்பையில் போட்டால், அனுப்பியவர்கள் கணக்கில் அது போய்ச் சேர்ந்ததாகவே இருக்கும். திருப்பி அனுப்பினால், இந்த ஆள் இங்கே இல்லை என்றாவது அவர்களுக்குத் தெரியும். அந்த மனிதர் யார், எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அன்று டியூட்டிக்குப் போகும் வழியில் அதைத்தான் முதலில் பெட்டியில் போட்டேன்.

திருப்பி அனுப்புவதில் சிரமம் ஒன்றும் இல்லை, ஸ்டாம்பும் வேண்டாம். உறையைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கமோ ஓரத்திலோ சின்ன எழுத்தில் அனுப்பியவரின் முகவரி இருக்கும். முன்பக்கம் உங்கள் முகவரி மேல் ஒரு கோடு போட்டு, தடித்த மார்க்கரால் 'நாட் அட் திஸ் அட்ரஸ், ரிட்டர்ன் டு சென்டர்' (இந்த முகவரியில் இல்லை, அனுப்பியவருக்கே திருப்புங்கள்) என்பதை ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். பெரிதாக எழுதுவது முக்கியம். ஓரமாகப் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால், தரம் பிரிக்கும் இயந்திரம் பழைய முகவரியையே படித்து மறுபடி உங்களுக்கே அனுப்பி வைக்கும். அனுப்பியவர் முகவரி இல்லாவிட்டாலும் கவலைப்படாதீர்கள். இங்குள்ள தபால் நிறுவனமான ராயல் மெயில் அதற்கென்று பெல்ஃபாஸ்டில் ஒரு மையம் வைத்திருக்கிறது, அங்கே பிரித்துப் பார்த்து வழி கண்டுபிடிப்பார்கள். பெயர்கூட இல்லாத விளம்பரத் தாள்களைத் தாராளமாகக் குப்பையில் போடலாம்.

பெயர் போடாமல் 'ஆக்குபையர்' என்று வருவதை மட்டும் திருப்பிவிடாதீர்கள், அது இப்போது குடியிருக்கும் உங்களுக்கு வந்தது. டி.வி. பார்க்கக் கட்ட வேண்டிய லைசென்ஸ் பற்றிய கடிதம் அப்படித்தான் வரும். நேரலை ஒளிபரப்போ பி.பி.சி.யின் இணையச் சேவையான ஐபிளேயரோ பார்ப்பதில்லை என்றால் அதைச் சொல்லிவிடலாம். கோடை முடிவில் கவுன்சிலிலிருந்து வாக்காளர் கணக்கெடுப்புத் தாள் வரும். அதில் முன்பு இருந்தவர்களின் பெயர்கள் அச்சாகி இருக்கும், அவர்கள் இப்போது இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். இதைச் செய்யும்போதுதான் இங்கே வசிக்கும் இந்தியர்களுக்கும், காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், ஓட்டு உண்டு என்பதே எங்களுக்குத் தெரியவந்தது. பாஸ்போர்ட் மாற்ற வேண்டியதில்லை, பெயரைப் பதிந்தால் போதும். நம் நர்ஸ்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது.

நாங்களும் பிறகு வீடு மாறினோம். இப்போது 'முன்பு குடியிருந்தவர்கள்' நாங்கள். ராயல் மெயிலில் பணம் கட்டினால் பழைய முகவரிக்கு வரும் தபாலைப் புதிய வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதம் என்று எடுக்கலாம், நீட்டித்தால் நான்கு வருடம் வரை போகும். ஆனால் எந்தெந்தப் பெயருக்கு என்று சொல்ல வேண்டும். நம் பெயர்கள் இருக்கும் நிலையில் அதில்தான் சிக்கல். என் பெயர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு, மின்சார பில்லில் கணவர் பெயரோடு, பேங்கில் வெறும் இனிஷியலோடு. பழைய பில்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்து, என்னென்ன விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே விண்ணப்பித்தேன். பழைய வீட்டுக்குக் குடிவந்த கானா நாட்டுக் குடும்பத்திடம் போன் நம்பரையும் கொடுத்தோம். அப்படியும் தவறி வந்த ஒன்றை அவர்கள் எடுத்து வைத்துக் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர்கள்.

வீடு மாறுகிறவர்கள் முதலில் ஜி.பி.யிடம் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்கு முகவரி அங்கிருந்துதான் போகிறது. டிரைவிங் லைசென்ஸில் மாற்றாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். வேலை, பேங்க், கவுன்சில் எல்லாம் உங்களுக்கே நினைவு வரும். நினைவுக்கு வராமல் போவது ஊர்க் கணக்கு. இங்கே வருவதற்கான செலவுக்கு மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ நகையை அடகு வைத்துவிட்டு வந்தவர்கள் எங்களில் நிறையப் பேர். ஏலத்துக்கு முன் வரும் நோட்டீஸ், அடகு வைத்த அன்று எழுதிக்கொடுத்த விலாசத்துக்குத்தான் போகும். அந்த வீடு இப்போது பூட்டிக் கிடந்தாலோ, அம்மா அண்ணன் வீட்டோடு போய்விட்டிருந்தாலோ, அது அப்படியே திரும்பிப் போய்விடும். அங்கேயும் உங்கள் புது முகவரியையும், ஊரில் கடிதம் வாங்கக்கூடிய ஒருவரின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.