அறுந்த கோடு

மார்ச் 4
இன்று பார்வைப் புலச் சோதனை அறையில் எனக்கு வேலை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவிளக்கையே பார்க்கணும். சுற்றிலும் எங்கே வெளிச்சம் மினுக்கினாலும் பட்டனை அழுத்தணும். கிளகோமா (கண் நரம்பைக் கெடுத்துப் பார்வையைக் குறைக்கும் நோய்) உள்ள பெரியவர் ஒருவர். இடது கண்ணில் மேல்பக்கம் வந்த வெளிச்சம் எதற்கும் அவர் அழுத்தவே இல்லை. “எல்லாம் நல்லாத்தாம்மா தெரியுது, மெஷின்லதான் கோளாறு” என்றார். கறுப்பாகத் தெரிகிறதா என்று கேட்டேன். இல்லையாம். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவருக்கு எப்படிச் சொல்வது?

மார்ச் 5
ராத்திரி மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரனை மறுபடி படிக்க எடுத்தேன். நம் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்து, கேம்பிரிட்ஜ் போய், சான் டியேகோவில் நிலைத்தவர். துண்டித்த பிறகும் இருப்பதுபோல் வலிக்கும் கைக்கு, முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த பெட்டி கொடுத்தவர் என்றுதான் பலருக்கும் தெரியும். எனக்கு அதற்கு முந்தைய காட்சி ஆய்வுகள்தான் உசத்தி.

1988-இல் நிழலை வைத்து அவர் செய்தது: மேலே வெளுப்பு, கீழே கருப்பு என்று வட்டத்தைத் தீட்டினால் மேடு; தலைகீழாகத் திருப்பினால் பள்ளம். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. அலுமினிய இட்லித் தட்டை ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்து போனைத் திருப்பினேன். குழியெல்லாம் இட்லியாக உப்பி நின்றது! வட்டம் தீட்டிய தாளை அப்படியே வைத்துவிட்டு, குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தாலும் மேடும் பள்ளமும் இடம் மாறும். மூளைக்குச் சூரியன் நம் தலையோடு ஒட்டியிருக்கிறது.

மார்ச் 8
1991: பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரியோடு ராமச்சந்திரன் செய்தது. புள்ளிகள் மினுமினுக்கும் திரையின் ஓரத்தில் சின்னச் சாம்பல் சதுரம். கண்ணை அசைக்காமல் சில விநாடி பார்த்தால் சதுரம் மறைந்து, அங்கேயும் புள்ளிகள் மினுக்கும். பிறகு திரை முழுவதையும் வெறும் சாம்பலாக்கினால், சதுரம் இருந்த இடம் மட்டும் கொஞ்ச நேரம் மினுக்கிக்கொண்டே இருக்கும். சும்மா கவனிக்காமல் விடுவதில்லை. மூளை அந்த இடத்தை நிரப்பவே செய்கிறது. இரண்டு முறை படித்தேன்.

மார்ச் 11
பெரியவர் மனைவியோடு வந்தார். சீட்டின் பின்பக்கம் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அதற்கு வலப்புறம் 8 சென்டிமீட்டர் தள்ளி, செங்குத்தாக ஒரு கோடு; கோட்டின் நடுவில் மட்டும் ஒரு விரல்கடை இடைவெளி. “இடது கண்ணை மூடிக்கிட்டு, குறியை மட்டும் பாருங்கய்யா.” தாளை ஒரு முழத்திலிருந்து மெல்லக் கிட்டே கொண்டுவந்தேன்.

“கோடு சேந்துடுச்சே!”

“சேரலைங்கய்யா. கண்ணுலேருந்து நரம்பு வெளியேறுற இடத்துல எல்லாருக்கும் பார்வை கிடையாது. எனக்கும்தான். மூளையே போட்டு நிரப்பிடுது.”

தாளைத் தானே வாங்கி முன்னும் பின்னும் நகர்த்தினார். சேர்ந்தது, அறுந்தது, சேர்ந்தது. வெகுநேரம் பேசவில்லை. பிறகு தாளை மனைவியிடம் நீட்டினார். “நீயும் ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு.” என் பக்கம் திரும்பி, “சொட்டு மருந்து எத்தனை வேளைம்மா?” என்றார்.