வலது கையில் ப்ரோப், இடது கையில் கிட்டார்

"பெடலெல்லாம் நீயே செய்ற, அப்போ வாசிப்பும் நல்லா ஏறியிருக்குமே?" என்று போன வாரம் பழைய நண்பன் ஒருவன் போனில் கேட்டான். பெடல் என்றால் கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) நடுவே காலடியில் கிடந்து, மிதித்தால் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஏதோ மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நஷ்டக் கணக்கு. நான் முதல் பெடலுக்கு ஈயம் பற்ற வைத்து நாலு வருஷம் ஆகிறது. அதில் முதல் ஒன்றரை வருஷம் ஒரு பாட்டைக்கூட முழுசாக வாசிக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு உட்காருவேன், கிட்டார் மடியில்தான் இருக்கும், ஆனால் அது அப்போது வாத்தியம் இல்லை, மல்ட்டிமீட்டர் மாதிரி இன்னொரு சோதனைக் கருவி. சர்க்யூட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க கிட்டார் கழுத்தில் ஐந்தாவது ஃப்ரெட்டில் (குறுக்குக் கம்பி) ஏ மைனர் பென்டடானிக் என்ற சுர வரிசையில் ஒரே ஒரு துண்டு, ஏழு சுரம், அவ்வளவுதான். அதையே வாசித்து, நிறுத்தி, ஒரு ரெசிஸ்டரை மாற்றி, மறுபடி அதையே வாசித்து. என் மகள் பல் தேய்க்கும்போது அந்த ஏழு சுரத்தை முனகுவாள். ஒரு நாள் நண்பர்களோடு உட்கார்ந்தபோது, கல்லூரிக் காலத்தில் தூக்கத்தில்கூட வாசித்த ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்துக்கு என்ன கார்டு என்று கை தேடியது. கிடைக்கவில்லை. அதை அவர்கள் கவனிக்கவில்லை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இது ஒரு பக்கம்.

நான் முதலில் செய்தது ஃபஸ் ஃபேஸ் மாதிரி ஒன்று, கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் வகைப் பெடல். 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி கொண்டுவந்தது, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில் வட்டமாகக் கிடக்குமே, அதுதான். பெயர்தான் பெரிசு. உள்ளே திறந்து பார்த்தால் இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், திருப்ப இரண்டு குமிழ். ஒரு கைப்பிடி சாமான். இவ்வளவுதானா என்று சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

"அண்ணே, பிசி 547 பத்து குடுங்க."

"பி-யா, சி-யா தம்பி?"

எனக்கு அப்போது அதில் ரகம் இருப்பதே தெரியாது. ஏதாவது குடுங்க என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு சி கொடுத்தார். அந்த எழுத்து டிரான்சிஸ்டரின் கெயின் (எத்தனை மடங்கு பெருக்கும்) எவ்வளவு என்பதைச் சொல்கிறது, சி-தான் அதில் அதிகம், அதைக் கொண்டு ஃபஸ் செய்தால் சுரத்தைவிட இரைச்சல் முந்திக்கொண்டு வரும் என்பதெல்லாம் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டது.

அது முதல் நாள் சத்தமே போடவில்லை. இங்கேதான் நான் எதிர்பார்க்காத விஷயம் ஆரம்பித்தது. சத்தம் எங்கே நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்க ஆடியோ ப்ரோப் என்று ஒன்று செய்துகொள்வார்கள். பெரிய வித்தை இல்லை. ஆம்புக்குப் போகிற வயரின் முனையில் 104 என்று எழுதிய ஒரு கெப்பாசிட்டர், அதன் கால் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சர்க்யூட்டில் ஒவ்வொரு இடமாகத் தொட்டால், அந்த இடத்தில் கிட்டார் எப்படி இருக்கிறதோ அது ஆம்பில் கேட்கும். ஆனால் தொட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது கிட்டார் வாசிக்க வேண்டுமே? முதல் நாள் மகளைக் கூப்பிட்டு திறந்த தந்தியை மீட்டச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அவள் போய்விட்டாள். வலது கையில் ப்ரோப். மிச்சம் இருப்பது இடது கை மட்டும்.

ஆகவே இடது கை விரலால் தந்தியை ஃப்ரெட் மேல் தட்டித்தட்டியே சுரம் எழுப்ப வேண்டியதாகிவிட்டது. தட்டு, பிடுங்கு, தட்டு, பிடுங்கு. அதே ஏழு சுரம், பிக் (தந்தி மீட்டும் வில்லை) இல்லாமல். டிரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால். முதல் டிரான்சிஸ்டரில் சத்தம் நுழையும் பேஸில் வைத்தால் கிட்டார் அப்படியே கேட்கிறது, வெளியே வரும் கலெக்டரில் வைத்தால் பெரிசாகிக் கேட்க வேண்டியது ஏனோ ஈனமாக முனகுகிறது. கலெக்டர் காலையும் எமிட்டர் காலையும் மாற்றிப் போட்டிருந்தேன். வேறு டிரான்சிஸ்டருக்கு வரைந்த படத்தைப் பார்த்து இதைப் பற்ற வைத்த புண்ணியம். அதைக் கண்டுபிடிக்க மூன்று ராத்திரி ஆனது. அதற்குள் இன்னொன்றும் தெரிந்துபோனது: மோதிர விரல் தட்டும்போதெல்லாம் சத்தம் பாதியாக விழுகிறது. தப்பு சர்க்யூட்டில் இல்லை, விரலில். பதினைந்து வருஷமாக வாசிக்கிறேன், பிக் அடித்து மூடி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் பிறகு எத்தனை பெடல் கோளாறு ஆனதோ அத்தனை ராத்திரி ஒற்றைக் கை வாசிப்பு. எனக்கு நிறையவே கோளாறு ஆகும். இன்று என் இடது கை ஓரளவு வழவழவென்று ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் பயிற்சி இல்லை, மோசமான ஈயப்பற்று.

ஃபஸ் வேலை செய்ய ஆரம்பித்ததும் அடுத்த பாடம். அதுவரை என் கிட்டாரில் வால்யூம் குமிழ் என்பது 10-ல் இருக்கும் ஒரு அலங்காரப் பொருள். இந்தச் சர்க்யூட்டோ பிக்கப்போடு (தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) நேருக்கு நேர் உரசிக்கொண்டு நிற்கிறது. அதன் நுழைவாயிலில் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு இருக்கும் தடை, மிகக் குறைவு, சில ஆயிரம் ஓம்தான். கிட்டாரின் குமிழைச் சற்றுத் திருப்பினால் நடுவே பெரிய தடை ஒன்று வந்து உட்கார்ந்துவிடும், ஃபஸ் தன் கரகரப்பை விட்டுவிட்டு ஒரு பளபளப்பான சுத்தமான ஒலிக்கு இறங்கிவிடும். இடையில் பஃபர் (பிக்கப்பையும் அடுத்த பெடலையும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைக்கும் சர்க்யூட்) உள்ள வேறு பெடலைச் செருகினால் இந்த மாயம் போய்விடும். நான் அப்படி பஃபர் உள்ள ட்யூனர் பெடலை (சுருதி பார்ப்பது) முன்னால் வைத்துக்கொண்டு, ஏன் இப்படிக் கத்துகிறது என்று இரண்டு வாரம் பெடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். ட்யூனரைப் பின்னால் தள்ளினேன், சரியாகிவிட்டது.

என்னுடையது ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை கிட்டார், குமிழ் தந்திக்குப் பக்கத்திலேயே இருக்கும், சுண்டு விரல் எட்டும். இப்போது 6-ல் வைத்துக்கொண்டு பாட்டுக்கு வாசிப்பேன், இடையில் சோலோ வந்தால் சுண்டு விரலால் ஒரு சுருட்டு. மிதிப்பதற்காக ஒரு பெட்டி செய்தேன், கடைசியில் மிதிப்பதே குறைந்துபோனது.

அப்புறம் ஜெர்மேனியம் ஆசை பிடித்தது, முதல் ஃபஸ் ஃபேஸ்களில் இருந்த பழைய காலத்து டிரான்சிஸ்டர் வகை. பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஸ்பீக்கரை ஓட்டுவதற்கு ஏசி 128 என்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இரண்டு இருந்தன. பெரியம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன். 8.2 கே ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரீசெட் (திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) போட்டு, இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்வரை திருகி, ராத்திரி பதினோரு மணிக்கு வாசித்தால், அடடா. வெண்ணெய். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அதே பெடல் விக்கல் எடுத்தது. சுரம் ஆரம்பிக்கிறது, பாதியில் பட்டென்று அறுந்துபோகிறது. எங்கள் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, மாதம் மே, ஊர் சென்னை. ஜெர்மேனியத்தில் கசியும் மின்னோட்டம் ஏறக்குறைய பத்து டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். லண்டனில் இரண்டு டிரான்சிஸ்டரை நம்பிப் பெட்டிக்குள் பூட்டியவர்கள் எங்கள் மாடியைப் பார்த்ததில்லை. பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வாசித்தேன். "ஏங்க, மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்துல என்ன இது டப்பா?" என்று கேட்கும்வரை இந்த ஏற்பாடு நடந்தது.

ஃப்ரிட்ஜ் தடை செய்யப்பட்ட பிறகு வெயிலோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. அந்த மத்தியான ஃபஸ்ஸில் மெதுவாகத் தொட்டால் ஒன்றும் வராது, அழுத்தி அடித்தால் மட்டும் ஒரு குத்து வரும், பிறகு மௌனம். நீண்ட சுரம் வேலைக்கு ஆகாது என்பதால் குட்டிக்குட்டித் துண்டுகளாக, இடைவெளி விட்டு வாசிக்க ஆரம்பித்தேன். எனக்கு இடைவெளி விடவே வராது என்று பேண்டில் எப்போதும் ஒரு புகார் உண்டு. இப்போது அந்தப் புகார் இல்லை, மே மாதத்தில் மட்டுமாவது.

ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஒன்று, ஃபஸ்ஸைவிட மென்மையாகக் கரகரக்கும் பெடல், செய்தபோதுதான் கார்டு பிடிக்கும் விதமே மாறியது. அதில் இருக்கும் 4558 சிப்புக்கு வெளிநாட்டில் பெரிய மவுசு, தேடித்தேடி வாங்குகிறார்கள். நம் ஊர் அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபையரில் பேஸ்-ட்ரெபிள் போர்டில் இருக்கிறதே, அதே நம்பர்தான், கடையில் கிண்ணத்தில் கொட்டி வைத்திருப்பார்கள். இதில் ஒரு 4.7 கே ரெசிஸ்டரும் 473 கெப்பாசிட்டரும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினைக் குறைக்கின்றன. எனக்கு ஒலி ஒல்லியாகப் பட்டது, 473-ஐ எடுத்துவிட்டு 104 போட்டேன், அந்த எல்லை 340-க்கு இறங்கியது. வீட்டில் தனியாக வாசிக்க பிரமாதம். பேண்டோடு வாசித்தால் பேஸ் கிட்டாருக்கும் எனக்கும் ஒரே குழியில் சண்டை. திரும்ப 473.

அந்தச் சமயத்தில் பிரெட்போர்டில் (ஈயம் இல்லாமல் செருகிப் பார்க்கும் பலகை) டையோடுகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன், ஒலி அலையின் தலையைச் சீவிக் கரகரப்பைத் தருவது இவைதான், சிலிக்கான், ஜெர்மேனியம், சிவப்பு எல்.இ.டி. எதைப் போட்டாலும் ஆறு தந்தி கார்டு சகதியாகத்தான் வந்தது. அலையின் தலையைச் சீவும் எந்தச் சர்க்யூட்டும் இரண்டு சுரத்தைக் கொடுத்தால் அவற்றின் வித்தியாசத்தையும் ஒரு சுரமாகப் பெற்றுத் தரும். 110 ஹெர்ட்ஸ் ஏ, அதோடு 165 ஈ. வித்தியாசம் 55, அதுவும் ஏ, ஒரு ஸ்தாயி கீழே. யாரும் வாசிக்காத ஒரு பேஸ் இலவசம். இதுவே ஏ-யோடு 138.6-ல் இருக்கும் சி ஷார்ப்பை வைத்தால் வித்தியாசம் 28.6. 27.5 என்றிருந்தால் அது ஏ. 28.6 எந்த வீட்டுப் பிள்ளையும் இல்லை, சும்மா உறுமும். ஆனால் கீழே இருக்கும் ஏ-யை விரலால் ஒரு மயிரிழை மேலே இழுத்துப் பாருங்கள், உறுமல் அப்படியே அடங்கும். எவ்வளவு இழுப்பது என்பதை மீட்டர் சொல்லாது, காதுதான் சொல்லும். ஆறு தந்தியை விட்டுவிட்டு இரண்டு தந்தியோடு நிற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். குறைவாக வாசிக்கிறேன் என்று சொன்னால் பக்குவம் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். டையோடு வேலை.

எதிரொலி தரும் டிலே பெடல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிடி 2399 சிப், எதிரொலி 300 மில்லி செகண்டைத் தாண்டினால் ஒலி புகை மூட்டமாகிவிடும். தாளம் பிசகினால் எதிரொலி உடனே காட்டிக்கொடுக்கும். கொடுத்தது.

இப்போதைய நிலவரம் இது. போன மாதம் கிட்டாரின் வால்யூம் குமிழே கரகரக்க ஆரம்பித்தது. நாலு வருஷத்தில் அவ்வளவு திருப்பியிருக்கிறேன். ஏ 250 கே கேட்டேன், கடையில் அவசரத்தில் பி 250 கே கொடுத்திருக்கிறார்கள், நானும் முதுகில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் பற்ற வைத்துவிட்டேன். ஏ என்றால் காதுக்கு ஏற்றபடி ஏறும், பி என்றால் ஸ்கேல் வைத்த மாதிரி ஏறும். இப்போது 6-ல் வைத்தால் ஃபஸ் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது, 3 வரை இறக்கினால்தான் அடங்குகிறது. சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டும். அதுவரை ஒவ்வொரு பாட்டிலும் சுண்டு விரல் பழைய இடத்துக்கே போய் நிற்கிறது, நான் திட்டுகிறேன், அது கேட்பதாக இல்லை.