கார்டு தாத்தாவின் வாட்ச்

ஜூன் 3, 2025, செவ்வாய்

அப்பாவின் பீரோவை ஒழித்தபோது, மஞ்சள் பைக்குள் தாத்தாவின் பாக்கெட் வாட்ச் கிடைத்தது. வெஸ்ட் எண்ட் கம்பெனி. நிக்கல் கேஸ், வெள்ளை எனாமல் டயல். முள் 7:22-ல் நிற்கிறது. பின்மூடியில் எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். தாத்தா தென்னிந்திய ரயில்வேயில் கார்டு. 1951 ஏப்ரல் 14-ல் அது தெற்கு ரயில்வே ஆன பிறகும் வீட்டில் அவர் சொன்னது எஸ்.ஐ.ஆர்.தான்.

சாவி கொடுத்துப் பார்த்தேன். குமிழ் பிடிப்பே இல்லாமல் சுற்றுகிறது.

ஜூன் 7, சனி

கடைத்தெருவில் ஒரு கடையில் காட்டினேன். டயலைப் புதிதாக எழுதி, கேஸுக்கு பாலிஷ் போட்டு, புதுசு மாதிரி தருகிறேன் என்றார்கள். பளபளவென்று ஒரு வாட்ச் கண்முன் வந்து போனது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுக்க மனம் வரவில்லை. ஏன் என்று வீடு வரும்வரை எனக்கே பிடிபடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தாத்தாவின் மகள், என் அத்தைக்குப் போன் போட்டேன். "ஓரத்தில ஒரு நசுங்கல் இருக்குமே, பாரு" என்றார். இருந்தது. மானாமதுரையில் மழைநாளில், கார்டு ஏறும் பெட்டியான பிரேக் வேனின் படி வழுக்கி தாத்தா விழுந்ததில் பட்டதாம். "முட்டி பேந்து ரத்தம். அதைப் பார்க்கல, வாட்ச் ஓடுதான்னு பார்த்தாராம். தினம் சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேஷனுக்கெல்லாம் சரியான டைம் வரும்டா. லீவு நாளில்கூட பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் ஒத்துப் பார்த்துட்டுத்தான் வருவார்."

அந்த நசுங்கலை நிமிர்த்தச் சொல்லிவிட்டு அத்தை முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஜூன் 14, சனி

பழைய வாட்ச்சுகளை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கு தம்பி. பழைய எஃகு, ஒருநாள் பட்டுன்னு போயிரும். நல்லவேளை, பல் எதுவும் உடையல" என்றார்.

எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டதாம். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி அப்படியே ஓடவிட்டால் சக்கரங்களின் அச்சுமுனை தேய்ந்துபோகும். ஓடவிடுவதென்றால் முழுதும் பிரித்துக் கழுவியாக வேண்டும். இல்லையென்றால் நின்றபடியே விட்டுவிடுவது மேல். டயலைத் தொடவே கூடாது என்றார். செம்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைச் சூளையில் உருக்கிச் செய்தது அது. 5-க்குப் பக்கத்தில் உள்ள மயிரிழை விரிசலை யாராலும் ஒட்ட முடியாது. மேலே பெயின்ட்தான் அடிப்பார்கள்.

கடைசியில் மூடியின் உட்பக்கத்தைக் காட்டினார். ஊசியால் கீறிய எழுத்துகள், நான்கு இடத்தில், நான்கு விதக் கையெழுத்தில். ரிப்பேர் செய்தவர்கள் அவரவர் அடையாளத்துக்குக் கீறி வைப்பது வழக்கமாம். ஒன்றில் 7-58 என்று இருந்தது, 1958 ஜூலை. அத்தைக்கு அப்போது பதினொரு வயது.

பாலிஷ் சக்கரத்தில் வைத்திருந்தால் இதெல்லாம் ஒரு நிமிடத்தில் போயிருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

இரவெல்லாம் யோசனை. அப்பா இத்தனை வருடம் யார் கையிலும் கொடுக்காமல் வைத்திருந்தார். நிற்கட்டும் என்று நினைத்தாரா, நேரம் வாய்க்கவில்லையா, கேட்க அவர் இல்லை. தாத்தாவுக்கு மட்டும் நின்ற வாட்ச் பொறுத்திருக்காது. நான்கு தடவை ரிப்பேருக்குக் கொடுத்தவர்.

பெரியவரிடம் சொல்லிவிட்டேன்: கழுவி எண்ணெய் போடுங்கள், ஸ்பிரிங் மாற்றுங்கள். டயல், கேஸ், நசுங்கல் எதையும் தொட வேண்டாம். அறுந்த ஸ்பிரிங்கையும் திருப்பிக் கொடுங்கள்.

ஜூலை 5, சனி

வாங்கி வந்தேன். பழைய ஸ்பிரிங் ஒரு தீப்பெட்டிக்குள், இரண்டு துண்டாக. பெரியவர் மூடியில் எதுவும் கீறவில்லை; தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இந்தக் காலத்தில் கீறக் கூடாதாம். எனக்கு லேசான ஏமாற்றம்தான்.

நாலு மணிக்கு முள்ளைத் திருப்பி வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

நாலு மணிக்கு அத்தை வீட்டில் ஒத்துப் பார்த்தோம். மூன்று நிமிடம் பின்னால். "அப்பா இதை வச்சுக்கிட்டு வண்டி ஏற மாட்டாரு. நாளைக்கே கொண்டுபோய்ச் சரி பண்ணிட்டு வா" என்றார் அத்தை.